மாருதி எக்ஸ்எல்6: யார் பேச்சு யாருக்குக் கேட்கும்?

மாருதியின் மூன்று வரிசை வண்டிகளான எர்டிகாவும் எக்ஸ்எல்6-உம் அடிப்படையில் ஒரே வண்டிதான். 2740 மி.மீ. வீல்பேஸ் (முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம்), 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், எல்லாம் பொது. எர்டிகாவின் நடுவரிசையில் மூன்று பேருக்கான நீள சீட். எக்ஸ்எல்6-இல் அந்த இடத்தில் இரண்டு கேப்டன் சீட், அதாவது தனித்தனி ஒற்றை சீட்டுகள், நடுவே ஒரு சந்து. ஓர் ஆள் குறைவதைத்தான் எல்லோரும் கணக்குப் பார்க்கிறார்கள். அந்தச் சந்து செய்யும் வேலையை யாரும் பார்ப்பதில்லை.

எர்டிகாவில் மூவர் உட்கார்ந்துவிட்டால் கடைசி வரிசைக்குத் தெரிவது முதுகும் பின்மண்டையும்தான். முன்னால் பேசுவது காதில் விழாமல் பெல்ட்டைக் கழற்றி எக்கிப் பார்ப்பார்கள். ஓட்டுபவரும் பதில் சொல்லத் திரும்புவார். 60 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு நொடியில் வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் போயிருக்கும். எக்ஸ்எல்6-இல் சந்து வழியே பார்வையும் குரலும் தடையின்றிப் போகின்றன. முறுக்கு டப்பாவும் கைமாறுகிறது.

ஆனால் நடுவரிசைக்குள் ஒட்டுதல் போய்விடுகிறது. இரண்டு சீட்டையும் ஒரே அளவு முன்பின் தள்ளி, ஒரே சாய்வில் வையுங்கள். ஒன்று முன்னே போனாலும் பக்கத்தில் இருப்பவரிடம் கழுத்தைத் திருப்பித்தான் பேச வேண்டும். குழந்தையைப் பாட்டி மடியில் சாய்த்துக்கொள்ள வழியில்லை (பெல்ட் போடாமல் அப்படிச் சாய்ப்பது ஆபத்து என்பது வேறு விஷயம்). ஐசோஃபிக்ஸ் குழந்தை சீட்டை (வண்டி சீட்டிலுள்ள கொக்கிகளில் நேராகப் பூட்டுவது) வலப்பக்கம் மாட்டினால், இடப்பக்க சீட்டை நகர்த்திக் கடைசி வரிசைக்கு ஏறலாம். இடப்பக்கம் மாட்டினால், நடைபாதை ஓரமாக நின்று ஏறும் பெரியவர்கள் அந்தக் குறுகிய சந்தில் உடம்பை ஒடுக்கித்தான் நுழைய வேண்டும்.

பேச்சைக் கெடுப்பது பின்வரிசை ஏசி. ப்ளோயரை முழு வேகத்தில் விட்டால் அந்த இரைச்சலை மீறிக் கத்த வேண்டியிருக்கும். வண்டி குளிர்ந்ததும் குறைத்துவிடுங்கள். ஸ்பீக்கர்கள் கதவுகளில்தான், கடைசி வரிசைக்கென்று தனியாக இல்லை. பின்னால் கேட்கட்டும் என்று ஒலியை ஏற்றினால் முன்னால் பேச்சே நின்றுவிடும். ஃபேடரை (முன், பின் ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்துத் தரும் அமைப்பு) பின்பக்கம் நகர்த்தினால் போதும்.

டெஸ்ட் டிரைவுக்கு வீட்டில் எல்லோரையும் ஏற்றிப் போங்கள். கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு, 80-இல் போகும்போது முன்சீட்டில் சாதாரணக் குரலில் பேசி, கடைசி வரிசைக்குக் கேட்கிறதா என்று பாருங்கள். பெரியவர்கள் நால்வர், வளர்ந்த பிள்ளைகள் இருவர் என்றால் எக்ஸ்எல்6 வாங்கலாம். கைக்குழந்தையும் அதைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேரும் இருக்கும் வீட்டுக்கு எர்டிகாவே சரி.

ஒரு சிக்கல் மிச்சம். ஆறு பேர் ஏறினால் டிக்கியில் இருப்பது 209 லிட்டர் இடம்தான். மிஞ்சிய பைகள் நேராகச் சந்துக்குத்தான் வரும். பார்வை மறையும், சடன் பிரேக் போட்டால் அவை முன்னால் பாயும். ஐந்து பேர்தான் என்றால் கடைசி வரிசையில் ஒரு பாதியை மடக்கிப் பைகளை அங்கே அடுக்குங்கள். ஆறு பேர் என்றால் கூரையில் கேரியர் மாட்டாமல் தீராது.