மீன் தொட்டிக்கு ஆர்.ஓ. மாட்டப் போகிறீர்களா? மீட்டர் மூலையில் ‘ஹோல்டு’ என்று இருக்கிறதா பாருங்கள்

காட்பாடி காந்தி நகர்ப் பக்கம் குடியிருக்கிறேன். வீட்டு போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கிற உப்பின் அளவு, 1,340. பக்கெட்டில் இரண்டு நாள் விட்டால் விளிம்பில் வெள்ளை வட்டம் கட்டிவிடும். பாலாற்றங்கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முறை வைத்து வரும் காவிரித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவுமே தீர்ந்துவிடும். கப்பியும் மோலியும் வளர்த்த வரைக்கும் கவலை இல்லை, அவை உப்புத் தண்ணீரிலும் ஜாலியாக இருக்கிற ஜாதி. போன வருஷம் டிஸ்கஸ் ஆசை பிடித்தது. சென்னை கொளத்தூருக்குப் போய் ஆறு வாங்கி வந்தேன். அதில் இரண்டு மீன்கள் ஜோடி சேர்ந்ததும் குஞ்சு எடுக்கும் ஆசையும் சேர்ந்துகொண்டது.

டிஸ்கஸ் அமேசான் ஆற்று மீன். பண்ணையில் பிறந்து வளர்ந்தவை 300, 400 டிடிஎஸ்ஸிலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் முட்டை பொரிய வேண்டுமென்றால் மென்மையான தண்ணீர் வேண்டும், 100-க்குக் கீழே இருந்தால் நல்லது. அதற்காகத்தான் ஆர்.ஓ. தேடினேன்.

வேலூரில் வாட்டர் பியூரிஃபையர் விற்று மாட்டித் தருகிற ஒருவரைப் பிடித்தேன். “அக்வேரியம் ஸ்பெஷல் மாடல் கீது சார். மணிக்கு 15 லிட்டர் வரும், டிடிஎஸ் 50 தாண்டாது” என்றார். 13,800 ரூபாய். பில் கேட்டதற்கு, “பில்லு போட்டா ஜிஎஸ்டி சேர்ந்துக்கும் சார், இன்னாத்துக்கு வீண் செலவு?” என்று எஸ்டிமேட் சீட்டில் எழுதிக் கொடுத்தார். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். நல்லவேளை, பணத்தை ஜிபேயில் அனுப்பியிருந்தேன்.

வந்த பெட்டியில் ஒரு மீன் ஸ்டிக்கர். அதன் ஓரம் கொஞ்சம் பிரிந்திருந்தது. அடியில் ஒரு குழந்தை டம்ளரில் தண்ணீர் குடிக்கிற படம். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். அடுப்படியில் மாட்டுகிற குடிநீர் மெஷின்தான் அது. உள்ளே யுவி விளக்கு, மினரல் கார்ட்ரிட்ஜ் எல்லாம் உண்டு. ஆர்.ஓ. எடுத்த உப்பைத் திரும்பச் சேர்க்கிற மினரல் கார்ட்ரிட்ஜுக்கு மீன் தொட்டியில் என்ன வேலை?

மாட்டுகிற அன்று எங்கள் அம்மாவுக்கும் ஒரு வித்தை காட்டினார். காவிரித் தண்ணீர் ஒரு டம்ளர், ஆர்.ஓ. தண்ணீர் ஒரு டம்ளர். இரண்டிலும் கம்பிகளை விட்டு கரன்ட் கொடுத்தார். காவிரித் தண்ணீர் காபி டிகாக்‌ஷன் மாதிரி ஆகிவிட்டது. “இதத்தான் குடிச்சிகினு இருக்கீங்கம்மா” என்றார். அம்மா மிரண்டுபோய் அடுப்படிக்கும் ஒன்று வாங்கலாமா என்று கேட்டார். அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை, இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு. உப்பு இருக்கிற தண்ணீரில் கரன்ட் பாயும், கம்பி கரையும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, அதனால் ஒன்றும் ஆகாது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், அந்த நேரத்துக்கு எனக்கு ஞாபகம் வரவில்லை.

அடுத்து டிடிஎஸ் மீட்டர். முதலில் போர் தண்ணீரில் விட்டார், 1,340. பிறகு பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து, “மீட்டர் செட் பண்ணிக்கிறேன் சார்” என்று அதில் முக்கினார். ஒரு பட்டனை அழுத்தினார், உதறினார். அப்புறம் மெஷினிலிருந்து பிடித்த டம்ளரில் விட்டார். 42. நான் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன், பெருமையாக.

அதற்குப் பிறகு மூன்று மாதம் வீணாகப் போனது. ஜோடி மூன்று முறை முட்டையிட்டது. முட்டையிடுவதற்காக வைத்த மண் கூம்பு முழுக்க வரிசையாக ஒட்டி வைத்து, ஆணும் பெண்ணும் மாறி மாறி விசிறிக்கொண்டு நிற்கும். இரண்டாம் நாளே முட்டைகள் வெள்ளையாகிப் பூஞ்சை பிடித்துவிடும். ஆண் மீன்மேல் சந்தேகப்பட்டேன். பூஞ்சைக்கு மருந்தாக மெத்திலீன் ப்ளூ ஊற்றினேன், ஹீட்டரை மாற்றினேன். தண்ணீரை மட்டும் சந்தேகப்படவில்லை, 42 என்று என் கண்ணால் பார்த்தேனே. மாட்டியவருக்கு போன் செய்தால், “மீனு புதுத் தண்ணிக்குப் பழகணும் சார்” என்பார். நாலாவது தடவை, வருஷ சர்வீஸ் கான்ட்ராக்ட் போட்டால் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

கடைசியில் அதே மாதிரி ஒரு மீட்டரை நானே வாங்கினேன், சில நூறு ரூபாய்தான். மெஷின் தண்ணீரில் விட்டேன். 310. மீட்டர்தான் கோளாறு என்று நினைத்து அக்கா பையனிடம் கொடுத்தேன். அவன் பட்டனையெல்லாம் அழுத்தி விளையாடினான். கொஞ்ச நேரத்தில், “மாமா, போர் தண்ணில வெச்சாலும் 310, காபில வெச்சாலும் 310” என்று கத்தினான். வாங்கிப் பார்த்தேன். திரையின் மூலையில் பொடி எழுத்தில் ‘ஹோல்டு’. அந்தப் பட்டனை அழுத்தினால் கடைசியாகக் காட்டிய எண் அப்படியே நின்றுவிடும், பிறகு எதில் முக்கினாலும் மாறாது. ஓடிப்போய் பழைய வாட்ஸ்அப் படத்தைப் பெரிதாக்கினேன். 42-க்கு மேலே அதே ‘ஹோல்டு’. அது பாட்டில் தண்ணீரின் எண்.

இன்னொன்று. இந்த மாதிரி மீட்டரில் அளவு 999-ஐத் தாண்டினால் 134 என்று காட்டி, பக்கத்தில் ‘×10’ மின்னும். அதைக் கவனிக்காமல் 134 என்றே படித்துவிடாதீர்கள்.

ராணிப்பேட்டையில் மீன் வளர்க்கிற நண்பர் ஒருவர் வந்து பெட்டியைத் திறந்தார். உப்பை வடிகட்டுகிற மெம்ப்ரேனுக்குப் பக்கத்தில் குழாயோடு குழாயாக ஒரு குட்டி பிளாஸ்டிக் திருகு. டிடிஎஸ் கன்ட்ரோலர் என்பார்கள். குடிநீர் சப்பென்று இருக்கக் கூடாது என்று, சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் மெம்ப்ரேனுக்கு வெளியே கொண்டுபோய் ஆர்.ஓ. தண்ணீரோடு கலக்கிற வால்வு அது. என் மெஷினில் நன்றாகத் திறந்து விட்டிருந்தது. மூடிவிட்டு அரை மணி நேரம் ஓட்டினோம், 85. மினரல் கார்ட்ரிட்ஜைக் கழற்றினோம், 64. மெம்ப்ரேன்மேல் குறையே இல்லை.

ஏன் திறந்து வைத்தார் என்பது அந்த ‘மணிக்கு 15 லிட்டரில்’ இருக்கிறது. மெம்ப்ரேன் 75 ஜிபிடி. ஒரு நாளைக்கு 75 காலன், அதாவது 284 லிட்டர். மணிக்குப் பார்த்தால் 12 லிட்டர்கூட முழுசாக வராது. மீதி மூன்று லிட்டர் என் வீட்டு போர் தண்ணீர். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உப்புத் தண்ணீரைக் கலந்து வேகம் காட்டியிருக்கிறார்.

மாட்டுகிறவர் வந்தால் மீட்டர் உங்களுடையதாக இருக்கட்டும். ஓடிக்கொண்டிருக்கிற தண்ணீரில் விட்டு எண் ஏறி இறங்குகிறதா பாருங்கள். புது மெம்ப்ரேனில் கெடாமல் இருக்க மருந்து போட்டிருப்பார்கள், அதனால் முதல் சில மணி நேரத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். எனக்கு மாட்டியவர் அதையும் சொல்லவில்லை. கழிவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம் என்று மட்டும் சொன்னார். அளந்தால் 1,760 வந்தது. இப்போது மொட்டை மாடி கழுவுகிறேன்.

படத்தோடு கடைக்குப் போனேன். “கை தவறி பட்டன் அமுங்கியிருக்கும் சார்” என்றார். அரை மணி நேரம் நின்ற பிறகு மினரல் கார்ட்ரிட்ஜுக்கும் யுவிக்கும் என்று 2,500 ரூபாய் திருப்பிக் கொடுத்தார். மீதிக்காக நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாத குறைக்கு ஜிபே ரசீதும், அவர் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜும், ‘ஹோல்டு’ படமும் இருக்கின்றன.

போன வாரம் ஜோடி நாலாவது முறை முட்டையிட்டது. தொட்டித் தண்ணீர் 78. இரண்டாம் நாளும் ஒரு முட்டைகூட வெளுக்கவில்லை. மூன்றாம் நாள் காலை விளக்கைப் போட்டால் கூம்பு காலி. ராத்திரியோடு ராத்திரியாகப் பெற்றவர்களே தின்றுவிட்டார்கள். அதற்கு 1915-இல் சொல்லவும் வழியில்லை.