வீட்டிலேயே செய்யும் போன்: ஆர்டுயினோவா, ராஸ்பெரி பையா?

சொந்தமாக போன் செய்யக் கிளம்புகிறவர்கள் எந்த போர்டு (ஆர்டுயினோ, ராஸ்பெரி பை போன்ற சின்னக் கணினிப் பலகை) என்றுதான் முதலில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது சிம் மாட்யூலைத்தான். டவரோடு பேசுவது அதுதான். போர்டு கட்டளை கொடுப்பதோடு சரி.

மலிவானது சிம்800எல். ஆனால் 2ஜி மட்டும்தான். நம் தென்னாப்பிரிக்காவில் 2ஜி, 3ஜி இரண்டையும் 2027 முடிவுக்குள் நிறுத்துவதென்று 2024-இல் அரசு கொள்கை வெளியிட்டது. தேதி தள்ளிப்போகலாம், ஆனாலும் நீண்ட நாள் உழைக்கும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

அதைவிடப் பெரிய தலைவலி மின்சாரம். சிம்800எல் கேட்பது 3.4 முதல் 4.4 வோல்ட் வரை. ஆர்டுயினோ வகையில் ஒன்றான ஊனோ போர்டின் 5 வோல்ட் பின்னில் நேராக மாட்டினால் மாட்யூல் போய்விடும், 3.3 வோல்ட் பின்னுக்கோ தெம்பு போதாது. டவரைப் பிடிக்கும்போது சட்டென்று 2 ஆம்பியர் வரை இழுக்கும். ஒற்றை லித்தியம் பேட்டரியை நேரே கொடுத்து, ஒட்டினாற்போல் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேர்த்துவைத்துச் சட்டென்று கொடுக்கும் பாகம்) ஒன்றையும் வையுங்கள். மாட்யூலின் விளக்கு 3 வினாடிக்கு ஒரு முறை சிமிட்டினால் நெட்வொர்க் கிடைத்துவிட்டது. வினாடிக்கு ஒரு முறை என்றால் இன்னும் தேடுகிறது. ரிங் வரும்போதெல்லாம் அப்படி மாறினால் மின்சாரம் பற்றவில்லை.

இனி போர்டு. ஊனோ சுவிட்ச் போட்டதும் எழுந்துவிடும். எண்ணை அழுத்தி, பேசி, வைக்க அதன் 2 கிலோபைட் நினைவகமே தாராளம். தமிழ் எஸ்எம்எஸ் வந்தால்தான் திணறும். மாட்யூல் அதை எண்ணும் எழுத்துமான நீளச் சரமாகத் துப்பும். கொம்பும் காலும் சேர்த்துத் திரையில் வரைய ஊனோவால் ஆகாது. ராஸ்பெரி பையின் சின்ன வகையான பை ஜீரோவில் லினக்ஸ் இயங்குதளம் ஓடுவதால் தமிழ் எழுத்துருவைப் போட்டால் போதும். (ஒரு தமிழ் எஸ்எம்எஸ்ஸுக்கு 70 இடம்தான். புள்ளிக்கும் தனி இடம் என்பதால் 'வணக்கம்' ஏழைத் தின்றுவிடும்.) ஆனால் பை எழும்பவே நேரம் பிடிக்கும், சும்மா இருக்கும்போதே சுமார் 100 மில்லியாம்பியர் குடிக்கும். சின்ன பேட்டரி மாலை வரை தாங்காது.

2014-இல் டேவிட் ஹண்ட் ராஸ்பெரி பையில் செய்த பைபோனுக்கு 158 டாலர் ஆனது. அந்தக் காசுக்குக் கடையில் நல்ல போனே கிடைக்கும்.

சிம்7600 போன்ற 4ஜி மாட்யூல் விலை அதிகம். மாட்யூல் பெயரில் எண்ணை ஒட்டி வரும் எழுத்தையும் கவனியுங்கள்: 'ஏ' வட அமெரிக்காவுக்கு, நமக்கு 'ஈ'.

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் தமிழ் வகுப்புக்குப் போகும் என் அண்ணன் மகனுக்குப் பாட்டியோடு தமிழில் மெசேஜ் அடிக்க வேண்டுமாம். அவனுக்குப் பையைத்தான் சொன்னேன். வெறுமனே பேசிப் பார்க்கிறவர்களுக்கு ஊனோ போதும். எதுவானாலும் சிம்மை நம் நாட்டின் ரிக்கா சட்டப்படி பதிந்துகொள்ளுங்கள்.