லண்டன் குழாய்த் தண்ணீருக்கு எந்த மேப்பிள்? போன்சாய்க்கு இரண்டு மரங்கள்

போன்சாய்க்கு, அதாவது சிறு தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரத்துக்கு, அழகை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. ஜப்பானிய மேப்பிளின் சிவப்பும் மெல்லிய இலையும் பொடிக்கிளைகளும் பிரிட்டனின் ஒரே நாட்டு மேப்பிளான ஃபீல்டு மேப்பிளுக்கு வராது. அது இலையுதிர்காலத்தில் பெரும்பாலும் மஞ்சளோடு நிறுத்திக்கொள்ளும். ஆனாலும் லண்டன், தென்கிழக்கு இங்கிலாந்துப் பக்கம் வளர்ப்பவர்களுக்கு என் ஓட்டு நாட்டு மரத்துக்கே. காரணம் தண்ணீர்.

அங்கே குழாயில் வருவது சுண்ணாம்பு நிறைந்த கடின நீர். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் தொட்டி மண்ணிலும் சேரும். கோடையில் கையகலத் தொட்டிக்கு நாளைக்கு இரண்டு முறை ஊற்ற வேண்டியிருக்கும். ஊற்ற ஊற்ற மண்ணில் காரம் ஏறும், வேரால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது. ஜப்பானிய மேப்பிளில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை மஞ்சளித்து ஓரம் கருகும். வெயிலும் காற்றும்கூட ஓரத்தைக் கருக்கும் என்பதால், பழியை முழுக்கத் தண்ணீர் மேல் போடவும் முடியாது. மழைநீரைப் பீப்பாயில் பிடித்து வைக்கலாம்தான். ஆனால் தேவை உச்சத்தில் இருக்கும் ஜூலையில்தான் பீப்பாய் காலியாகும். ஃபீல்டு மேப்பிளோ சுண்ணாம்பு மண்ணிலேயே வேலியாக வளர்கிற மரம்.

விலையும் மலிவு. நவம்பர் முதல் மார்ச் வரை வேர்மண் இல்லாத வேலிக்கன்றாகக் கிடைக்கும். துளிர்த்தபின் இது சைக்கமோர் என்ற இன்னொரு மேப்பிளோ என்று சந்தேகம் வந்தால் இலைக்காம்பைக் கிள்ளிப் பாருங்கள். ஃபீல்டு மேப்பிளில் பால் கசியும்.

ஆணிவேரை வெட்டி, ஒரு கூரை ஓட்டின் மேல் சல்லிவேர்களைச் சுற்றிலும் பரப்பி, 4, 5 ஆண்டு தரையில் விடுங்கள். அடிமரம் பருத்ததும் தண்டை வெட்டுவதற்கு இலை முற்றிய ஜூன் நல்லது; பிப்ரவரியில் வெட்டினால் சாறு சொட்டிக்கொண்டே இருக்கும். வெட்டிய இடத்தில் நாலைந்து தளிர் கிளம்பும். இரண்டுக்கு மேல் விட்டால் அந்த இடம் முழங்கால்முட்டி மாதிரி வீங்கிவிடும், பிறகு சரிசெய்வது பெரும்பாடு. முதல் இலைகள் முற்றும்வரை உரம் வேண்டாம், இலைக்கு இலை உள்ள கணுவிடை நீண்டுபோகும். இலையைச் சிறிதாக்க ஜூனில் காம்பை விட்டுவிட்டு இலையை மட்டும் கத்தரியுங்கள். மரம் திடமாக இருக்க வேண்டும், அந்த ஆண்டு தொட்டி மாற்றியிருக்கவும் கூடாது.

இதன் பெரிய தொல்லை கோடைக் கடைசியில் வரும் சாம்பல் நோய். உள்ளே நெருங்கிய இலைகளைக் களைந்து காற்றோட்டம் கொடுத்தால் குறையும்.

வேல்ஸ், ஸ்காட்லாந்து போல சுண்ணாம்பு குறைந்த மென்னீர் வரும் இடங்களில் நான் இவ்வளவு அழுத்திச் சொல்லமாட்டேன். அங்கே ஜப்பானிய மேப்பிளைத் தாராளமாக வாங்கலாம்; ஒட்டுக்கன்றை மட்டும் தவிர்த்து விதைக்கன்றாகக் கேளுங்கள். அடிமரம் பருக்கப் பருக்க ஒட்டு வடு துருத்திக்கொண்டு தெரியும்.