கிலோ 240 ரூபாய்க்குத் திப்பி வாங்கிய கதை: சைவ நாய்த்தீனி பாக்கெட் வாங்குகிறவர்கள் கவனிக்கவும்

பெருந்துறைக்கும் விஜயமங்கலத்துக்கும் நடுவே தோட்டத்து வீடு எங்களுடையது. கருப்பன் என்று ஆறு வயது நாட்டு நாய் ஒன்று, வெள்ளச்சி என்று ஒரு குட்டி. வீட்டில் கறி சமைக்கும் பழக்கம் இல்லை. கோழிக்கடையில் கால், தலை வாங்கி வந்து வெளியே மூணு கல் கூட்டி வேகவைத்தாலும் அம்மாவுக்கு அந்த வாசம் ஆகாது. கடையில் விற்கும் மூட்டைத் தீனியோ மாதத்துக்கு மாதம் விலை ஏறிக்கொண்டே போனது. பருப்பு, பயறு, சோறு என்று வீட்டிலேயே மலிவாகச் செய்து போட்டால் என்ன என்ற யோசனை அப்படி வந்ததுதான். யோசனையில் தப்பில்லை, நான் போய் நின்ற இடம்தான் தப்பு.

தை மாதம் ஈரோட்டில் ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஒரு ஸ்டாலில் ‘வீட்டிலேயே சைவ நாய் உணவு, ஒரு நாள் பயிற்சி’ என்று பேனர் கட்டியிருந்தார்கள். பயிற்சிக்கு 1,200 ரூபாய். கூடவே அவர்களுடைய மாவு கிலோ 240, ‘மினரல் பொடி’ பாக்கெட் 350. உளுந்து, பாசிப்பயறு, கொள்ளு, ராகி கலந்தது, புரதம் 24 சதவீதம் என்று பாக்கெட்டில் போட்டிருந்தது. கீழே எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் வேறு. அதைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. குருணைச் சோற்றோடு மாவைக் கரைத்துக் கொதிக்கவிட்டு, மினரல் பொடியை ஒரு சிட்டிகை தூவினால் போதும், நாய்க்கு வேறெதுவும் வேண்டாம் என்றார்கள். குட்டிக்கும் கொடுக்கலாமா என்று கேட்டேன். “தாராளமாங்ணா, பூனைக்கே கொடுக்கலாம்” என்றான் அந்தப் பையன். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். பூனைக்கு டாரின் என்ற சத்து வெளியிலிருந்து கிடைத்தே ஆக வேண்டும், அது இறைச்சியில்தான் இருக்கிறது, பயறு மாவை மட்டும் தின்னும் பூனைக்குக் கண் போகும், இதயம் கெடும் என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

முதலில் 5 கிலோ, பிறகு 10, 10 என்று மொத்தம் 25 கிலோ வாங்கினேன். மினரல் பொடி மூன்று பாக்கெட். பயிற்சிக் கட்டணமும் சேர்த்தால் 8,250 ரூபாய்.

ஒரு மாதத்தில் கருப்பனின் முதுகு ரோமம் செம்பட்டை அடித்து உதிரத் தொடங்கியது. வெயில் காலம், ரோமம் கொட்டத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். வட்டில் நிறையத் தின்றான், அப்படியும் விலா எலும்பு தெரிந்தது. 19 கிலோ இருந்தவன் பத்து வாரத்தில் பதினஞ்சரைக்கு வந்துவிட்டான். சாணி போட்ட மாதிரி நாளுக்கு நாலு தடவை போனான்.

குட்டியின் கதை இன்னும் மோசம். ஒருநாள் காலையில் திண்ணையிலிருந்து குதித்த வெள்ளச்சி சிமெண்ட் தரையில் வழுக்கியவள் மாதிரி முன்னங்கால் இரண்டும் விரிந்து உட்கார்ந்தாள். தூக்கி நிறுத்தினேன். மணிக்கட்டுப் பக்கம் வீங்கி, கால் இரண்டும் வெளிப்பக்கமாக வில் மாதிரி வளைந்திருந்தன. தொட்டால் கத்தினாள். எந்த நாளில் வளைந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தினமும் கண் முன்னால்தான் ஓடிக்கொண்டிருந்தாள்.

எக்ஸ்ரேயை விளக்குக்கு நேரே பிடித்த டாக்டர், “என்ன தீனி போடறீங்க?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அந்த மாவில் என்ன இருந்தாலும் சரி, கால்சியம் இல்லை என்றார். பயறிலும் அரிசியிலும் பாஸ்பரஸ் உண்டு, கால்சியம் ரொம்பக் குறைவு. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு அதை எலும்பிலிருந்து உருவி எடுத்துக்கொள்ளும். வளரும் குட்டிக்கு எலும்பு மெலிந்து வளைவது அதனால்தான். இதில் சைவம், அசைவம் என்ற பேதம் கிடையாதாம். வெறும் கோழிக்கறியும் சோறும் போட்டு வளர்த்த குட்டிகளும் இதே காலோடு அவரிடம் வந்திருக்கின்றன. நாய் ஓநாய் மாதிரி இல்லை, மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு நகல்கள் அதற்கு அதிகம் என்று 2013இல் ஆராய்ச்சிக் கட்டுரையே வந்திருக்கிறது, பருப்பும் சோறும் தின்று வளர்ந்த நாய் நன்றாகவே இருக்கும், ஆனால் மேலே சேர்க்க வேண்டியதைச் சேர்க்க வேண்டும் என்றார்.

அப்புறம் அவர்கள் கொடுத்த செய்முறைத் தாளை வாங்கிப் பார்த்தார். ‘ருசிக்காகச் சின்ன வெங்காயம், பூண்டு வதக்கிச் சேர்க்கவும்’ என்ற வரியில் விரலை வைத்துத் தலையில் அடித்துக்கொண்டார். வெங்காயம், பூண்டு இரண்டுமே நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும், வேகவைத்தாலும் பொடியாக இருந்தாலும் அப்படித்தான். நல்லவேளை, நாய்க்கெல்லாம் சின்ன வெங்காயம் உரிக்க முடியாது என்று அம்மா ஆரம்பத்திலேயே கையை விரித்துவிட்டார். அம்மாவின் அலுப்பு அன்றைக்குக் கருப்பனைக் காப்பாற்றியது.

மாவில் என்ன இருந்தது என்பதைக் கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை, ராசிபுரத்திலிருந்து வந்திருந்த என் அப்புச்சி, அம்மாவின் அப்பா. பாக்கெட்டுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி மோந்தார். உள்ளங்கையில் தேய்த்து ஊதினார். பிறகு ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டுக் கலக்கினார். பயறு மாவு அடியில் மஞ்சளாகப் படியும். இது வெள்ளையாக உப்பி, நார் நாராகத் தொங்கியது. புளித்த வாசம்.

“ஏங்கண்ணு, இது மாட்டுக்குப் போடற திப்பியாட்டவல்ல இருக்குது” என்றார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சேலம், ராசிபுரம், ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக்கிழங்கை அரைத்துப் பாலைப் பிழிந்துகொண்டபின் மிஞ்சும் சக்கைதான் திப்பி. காயவைத்து மாட்டுத்தீவனத்துக்குப் போகும். மாட்டுக்கு அது சரி, புண்ணாக்கு, தவிட்டோடு கலந்து போடுவார்கள். திப்பியில் புரதம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது, மாவும் நாரும்தான். அதில் கொஞ்சம் பயறு மாவைத் தூவி நிறம் காட்டி, கிலோ 240க்கு என் தலையில் கட்டியிருக்கிறார்கள். அப்புச்சி விலையைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

மினரல் பொடியையும் விடவில்லை. ஒரு தட்டில் கொட்டி எலுமிச்சம்பழம் பிழிந்தேன். கால்சியம் கார்பனேட்டாக இருந்தால் சோடா மாதிரி நுரைக்க வேண்டும். அசையவே இல்லை. டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) என்று இன்னொரு வகைக் கால்சியம் உண்டு, அது நுரைக்காது, அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சரி என்று நாக்கில் வைத்துப் பார்த்தேன். சாப்பாட்டு உப்பு.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். முதல் தடவை “உங்க நாய்க்கு அது செட் ஆகலைங்ணா, போகப் போகச் சரியாயிரும்” என்றார். இரண்டாவது தடவை எக்ஸ்ரே படத்தை அனுப்பியதும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். ரசீது என்று கொடுத்த துண்டுச் சீட்டில் முகவரி இல்லை. பணம் அனுப்பியது போனில் இருந்ததால் பிழைத்தேன். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாயிற்று. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரைக்குமான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

அந்த எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்கிறதே, நான் ஏமாந்த இடமே அதுதான். 2006ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டம் மனிதர் தின்னும் உணவுக்கானது. அதில் கால்நடைத் தீவனம் ‘உணவு’ என்ற கணக்கிலேயே வராது. நாய்த்தீனி பாக்கெட்டில் அந்த எண்ணைப் போட்டுத் தரம் என்று காட்டுவதற்கு அர்த்தமே இல்லை. நாய், பூனைத் தீனிக்கு ஐஎஸ் 11968 என்று தனியாக ஒரு இந்தியத் தர அளவு இருக்கிறது, வேண்டுமானால் அதைக் கேளுங்கள். சந்தேகமான மாவு கையில் இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவன ஆய்வகம் இருக்கிறது. கோழிப்பண்ணைக்காரர்கள் தீவனத்தைக் கொண்டுபோய்ப் பார்க்கும் இடம்தான்.

சைவத் தீனியை நான் விடவில்லை. கருப்பனுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த ஒரு நாள் கணக்கு இது: குருணை 120 கிராம், மீல் மேக்கர் 60 கிராம், பாசிப்பருப்பு 60 கிராம், அரசாணிக்காய் (பரங்கி) ஒரு துண்டு, சூரியகாந்தி எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. எல்லாம் சமைக்காத எடை. மீல் மேக்கரை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, பருப்போடு நசுங்கும்வரை வேகவைப்பேன். ஆறியபின் கால்சியம் கார்பனேட் 3 கிராம், வைட்டமின் பி12, டி, துத்தநாகம், அயோடின் உள்ள நாய்களுக்கான சத்துப்பொடி, கொஞ்சம் டாரின். நாய் டாரினைத் தானே உண்டாக்கிக்கொள்ளும்தான், ஆனால் பருப்பு, பட்டாணி நிறைந்த தீனிக்கும் இதயம் வீங்கும் நோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்று 2018இல் அமெரிக்காவில் விசாரிக்கத் தொடங்கியதால் முன்னெச்சரிக்கையாகச் சேர்க்கச் சொன்னார். கடையில் விற்கும் மாட்டுத் தாதுஉப்பை அள்ளிப் போடாதீர்கள், அது மாட்டு அளவு. நாளுக்குச் சுமார் 37 ரூபாய் ஆகிறது. இது 18 கிலோ நாய்க்கான கணக்கு, உங்கள் நாய்க்கு உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

வெள்ளச்சிக்கு இது கிடையாது. வளர்ந்து முடியும்வரை குட்டித்தீனி மூட்டைதான், செலவைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீக்கம் வற்றிவிட்டது, இடது கால் மட்டும் லேசாக வெளியே திரும்பியே நிற்கிறது. அது அப்படியே இருந்துவிடலாம் என்கிறார்.

இதே ஸ்டாலில் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் பணம் அனுப்பிய விவரத்தை எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம். பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பிரிக்காத ஒன்றை நான் பரண்மேல் பத்திரமாக வைத்திருக்கிறேன். பிரித்திருந்த நாலு கிலோவை அப்புச்சி தவிட்டோடு பிசைந்து எருமைக்கு வைத்தார். அது தொட்டியை நக்கித் துடைத்துவிட்டுத்தான் தலையைத் தூக்கியது.