இரண்டு பட்ஜெட் டேப், இரண்டு வருடம் நான்கு மாதம்: 10.1 இன்ச்சும் 8.7 இன்ச்சும்

மூன்று வார இடைவெளியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு டேப்லெட் வந்தன. மகனின் ஆன்லைன் வகுப்புக்கு 10.1 இன்ச், அம்மாவுக்கு 8.7 இன்ச். கம்பெனி வேறு வேறு, விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டும் இன்றும் தினமும் ஓடுகின்றன. மாடல் பெயர்களைச் சொல்லப்போவதில்லை. பட்ஜெட் டேப்கள் ஒன்றிரண்டு வருடத்தில் விற்பனையை விட்டே போய்விடுகின்றன, நீங்கள் தேடும்போது இவை கிடைக்காது. உள்ளே என்ன இருந்தது, அது போகப்போக எப்படி நடந்துகொண்டது என்று சொன்னால்தான் உங்களுக்கு உபயோகம். இனி அவை பெரியது, சின்னது.

பெரியதில் 1920×1200 திரை, 7000 எம்ஏஎச் பேட்டரி, எடை 460 கிராம். சின்னதில் 1340×800 திரை, 5100 எம்ஏஎச், 330 கிராம். ரேம் இரண்டிலும் 4 ஜிபி, ஸ்டோரேஜ் 64 ஜிபி. பிராசஸரும் ஒரே தரம்: கனமான வேலைக்கு இரண்டு ஏ75 கோர், மற்றவற்றுக்கு ஆறு ஏ55 கோர். இப்படிப் பட்டியல் போட்டுப் பார்த்தால் பெரியது கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கிறது. முதல் இரண்டு மாதம் கேட்டவர்களுக்கெல்லாம் நானும் அதைத்தான் வாங்கச் சொன்னேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

ஐந்தாவது மாதத்தில்தான் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. பெரியதில் தமிழ் கீபோர்டில் 'வணக்கம்' என்று தட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தால் திரையில் 'வண' மட்டும் நிற்கும். ஒரு நொடி கழித்து மீதி எழுத்துகள் மொத்தமாக வந்து விழும். சின்னதில் அதே கீபோர்டு, அதே ரேம், விரலோடு கூடவே எழுத்து வந்தது. ரேம்தான் போதவில்லை என்று கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஹார்ட்வேர் விவரம் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். ஸ்டோரேஜ் சிப்பே வேறு வேறு வகை: பெரியதில் இருந்தது மெதுவான இஎம்எம்சி 5.1, சின்னதில் வேகமான யுஎஃப்எஸ் 2.2.

இரண்டு பெட்டியிலும் '64 ஜிபி' என்றுதான் அச்சிட்டிருந்தது. ஆனால் இஎம்எம்சியில் போக்குவரத்து ஒற்றை வழிப் பாலம் மாதிரி. ஒரு நேரத்தில் படிக்கும், அல்லது எழுதும், இரண்டும் சேர்ந்து நடக்காது. இஎம்எம்சி 5.1க்கு ஏட்டளவில் உச்ச வேகம் நொடிக்கு 400 எம்பி. யுஎஃப்எஸ்ஸில் போகவும் வரவும் தனித்தனி வழி உண்டு, உச்ச வேகமும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நிஜத்தில் இரண்டுமே இதைவிடக் குறைவாகத்தான் ஓடும், ஆனாலும் இடைவெளி இருக்கத்தான் செய்யும். பின்னணியில் நாலு ஆப் அப்டேட் ஆகிக்கொண்டிருந்தால் சின்னதில் அது யாருக்கும் தெரியாது. பெரியதில் அப்போது செட்டிங்ஸைத் திறந்தால்கூட வெள்ளைத் திரைதான் வரும்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பெரியதன் பெட்டியில் ரேம் '8 ஜிபி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதில் 4 ஜிபிதான் உண்மையான ரேம். மீதி 4 ஜிபி, ஸ்டோரேஜிலிருந்து ஒதுக்கி ரேம் மாதிரி பயன்படுத்துவது. வேகமான ஸ்டோரேஜ் என்றால் இதில் கொஞ்சமாவது பலன் இருக்கலாம். ஏற்கெனவே மூச்சு வாங்கும் இஎம்எம்சியின் தலையில் இதையும் ஏற்றினால் அது இன்னும் திணறும். செட்டிங்ஸில் போய் அதை அணைத்து ரீஸ்டார்ட் செய்த அன்றே கீபோர்டு தாமதம் பாதியாகக் குறைந்தது. அந்த 8 என்ற எண்ணைப் பார்த்து வாங்குகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

மீதிப் பாதி இடப் பற்றாக்குறையால் வந்தது. 64 ஜிபி என்று விற்பதைக் கம்ப்யூட்டர் கணக்கில் எண்ணினால் 59.6 தான். சிஸ்டம் தன் பங்கை எடுத்துக்கொண்டது போகக் கையில் 40 சொச்சம் நின்றது. மகன் வகுப்பு வீடியோக்களை இறக்கி இறக்கி அதை 3 ஜிபிக்குக் கொண்டுவந்திருந்தான். இந்த வகை மெமரியில் பழையதன் மேல் நேராக எழுத முடியாது. ஒரு பிளாக்கை மொத்தமாக அழித்த பிறகுதான் புதிதாக எழுத முடியும். காலி இடம் கையிருப்பில் இல்லாவிட்டால் ஒவ்வொரு சின்ன எழுத்து வேலைக்கும் முன்னால் இடம் ஒதுங்கவைக்கும் வேலையும் நடக்க வேண்டியிருக்கிறது. வீடியோக்களையெல்லாம் மெமரி கார்டுக்கு மாற்றி 15 ஜிபி காலி செய்தோம். டேப் பழைய நிலைக்குக் கிட்டத்தட்டத் திரும்பியது. அன்றிலிருந்து 10 ஜிபிக்குக் கீழே இறங்கவிட்டதில்லை.

மெமரி கார்டை வைத்து எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். வீடியோ, புத்தகம், படங்கள், சரி. கார்டை உள் ஸ்டோரேஜோடு சேர்த்துக்கொள்ளும் வசதி ஆண்ட்ராய்டு 6லேயே வந்துவிட்டது, ஆனால் நிறையக் கம்பெனிகள் அதைத் திறந்துவிடுவதில்லை. எங்கள் இரண்டிலும் இல்லை. ஆப்கள் முழுக்க உள்ளேதான் உட்கார வேண்டும்.

வாங்கும்போது ஸ்டோரேஜ் வகையைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் சிரமம்தான். கம்பெனியின் சொந்த விவரப் பக்கத்தில் சில சமயம் போட்டிருப்பார்கள். யாரிடமாவது அதே டேப் இருந்தால் ஸ்டோரேஜ் வேகம் அளக்கும் ஆப் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். படிக்கும் வேகம் நொடிக்கு 300 எம்பியைச் சுற்றியே நின்றால் அது இஎம்எம்சி. 500க்கு மேல் போனால் யுஎஃப்எஸ் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரி, திரைக்கு வருகிறேன். இங்கே பெரியது நிஜமாகவே உசத்தி, அதுவும் தமிழ் படிக்கிறவர்களுக்கு. ஓர் இன்ச்சுக்குப் பெரியதில் 224 புள்ளிகள், சின்னதில் 179. ஆங்கில எழுத்தில் இது பெரிதாக உறுத்தாது. தமிழில் 'ன'வுக்கும் 'ண'வுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு சுழி. சின்னதில் எழுத்தைச் சிறியதாக வைத்தால் அந்தச் சுழி நிரம்பிப்போய் ஒரு கருப்பாகத் தெரியும். மெய்யெழுத்தின் மேலிருக்கும் புள்ளி மேல்கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். வாக்கியத்தை வைத்து ஊகித்துத்தான் படிக்க வேண்டியிருக்கும். எழுத்தைப் பெரிதாக்க முடிகிற இபப் வகை மின்நூலில் இந்தத் தொல்லை இல்லை. ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் சின்னதில் அரை மணி நேரத்துக்கு மேல் என்னால் முடியவில்லை.

ஒருநாள் ஸ்கேலை வைத்து அளந்து பார்த்தேன். பெரியதைச் செங்குத்தாகப் பிடித்தால் திரை 21.8 சென்டிமீட்டர் உயரம், 13.6 அகலம். டெமி அளவுப் புத்தகத்தின் பக்கம் சுமார் 21.5க்கு 14. அதாவது அச்சுப் புத்தகத்தின் பக்கம் ஏறக்குறைய அதே அளவில் திரையில் வந்து உட்காருகிறது! பெரிதாக்கவும் வேண்டாம், நகர்த்தவும் வேண்டாம். சின்னதன் திரை 19க்கு 11.3. டெமி பக்கம் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். பழைய நூல்களை ஸ்கேனில் படிக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போடாமல் வாங்க வேண்டாம்.

ஆனால் எடை என்று ஒன்று இருக்கிறது. அம்மாவின் டேப் சார்ஜில் இருந்தபோது ஒருநாள் பெரியதைக் கொடுத்தேன், இன்னும் நன்றாகத் தெரியும் என்று. பத்து நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். "எழுத்து நல்லாத்தான் இருக்குப்பா, மணிக்கட்டு வலிக்குது. என்னோடதே போதும்." 130 கிராம் வித்தியாசம் வாங்கும்போது கையில் தெரியவே இல்லை. படுத்துக்கொண்டு ஒற்றைக் கையில் தூக்கிப் பிடிக்கும்போது தெரியும். சின்னதை ஓரத்தில் பிடித்தபடி அதே கையின் கட்டைவிரலால் பக்கம் திருப்பலாம். பெரியதற்கு ஸ்டாண்டோ மடியோ வேண்டும். வீட்டில் இப்போது யார் கை நீட்டினாலும் முதலில் போவது சின்னதுக்குத்தான். மகன்கூட எழுதும் நேரம் தவிர மற்ற நேரத்தில் பாட்டியிடம் கேட்டு அதைத்தான் வாங்கிக்கொள்கிறான்.

இரண்டு திரைக்கும் பொதுவான குறை, கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவில் காற்று இடைவெளி. பட்ஜெட்டில் இது வழக்கம்தான். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் உங்கள் முகம்தான் தெரியும்.

வீடியோ விஷயத்தில் பெரியது ஒரு தடவை எங்களை நன்றாகப் படுத்தியது. ஓர் அப்டேட் வந்த மறுநாள், சந்தா கட்டிப் பார்க்கும் படங்கள் எல்லாம் கலங்கலாகத் தெரிந்தன. இணையம் சரியில்லை என்று ரவுட்டரை இரண்டு முறை அணைத்துப் போட்டேன். காரணம் வைட்வைன். காப்புரிமை வீடியோவைப் பாதுகாப்பாகத் திறந்து காட்டும் ஏற்பாடு அது. எல்1 நிலையில் இருந்தால்தான் இந்த மாதிரி ஆப்களில் ஹெச்டி கிடைக்கும். எல்3 ஆகிவிட்டால் பெரும்பாலும் 480பி என்ற குறைந்த தெளிவோடு நின்றுவிடும், திரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி. அந்த அப்டேட் எல்1ஐ எல்3 ஆக்கியிருந்தது. சர்வீஸில் ரீசெட் செய்யச் சொன்னார்கள், செய்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஆறு வாரம் கழித்து அடுத்த அப்டேட்டில்தான் சரியானது. பட்ஜெட் டேப்களில் முதல் நாளிலிருந்தே எல்3 ஆக இருப்பவையும் உண்டு. டிஆர்எம் (இந்த வீடியோ பாதுகாப்பு) விவரம் காட்டும் இலவச ஆப்கள் இருக்கின்றன. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் பார்த்துவிடுங்கள்.

பேட்டரியில் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. பெரியது ஆரம்பத்தில் பத்து மணி நேரம் ஓடியது, இப்போது ஏழு. சின்னது ஒன்பதிலிருந்து எட்டுக்குத்தான் வந்திருக்கிறது. இதற்கு டேப்பைக் குறை சொல்ல மாட்டேன். வகுப்பு நடக்கும்போதெல்லாம் பெரியது சார்ஜரிலேயே இருந்தது, 100 சதவீதத்தில், சூடாக. லித்தியம் பேட்டரிக்கு இவை இரண்டும் சேர்ந்தால் ஆகவே ஆகாது. சின்னதில் 85 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தது, முதல் வாரமே போட்டுவிட்டேன். சார்ஜ் ஏறும் நேரமும் கவனிக்க வேண்டியது. 7000 எம்ஏஎச் என்பது சுமார் 27 வாட்-மணி. பெட்டியில் வந்த 10 வாட் சார்ஜரில் மூன்றரை மணி நேரம் ஆகிறது. சின்னது 15 வாட்டில் இரண்டு மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும்.

ஒன்றரை வருடத்தில் சின்னதன் சார்ஜிங் போர்ட் ஆட ஆரம்பித்தது. கேபிளை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால்தான் ஏறும். போர்ட் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றுதான் நினைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே பஞ்சு. டேப்பை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் ஓரத்தை மெதுவாகச் சுரண்டினேன். உறைத்துணியின் நூல் கெட்டியாக அமுங்கி, ஒரு சின்னத் தட்டை மாதிரி முழுசாக வெளியே வந்தது. கேபிள் 'டிக்' என்று போய் உட்கார்ந்தது. ஊசியோ வேறு உலோகமோ மட்டும் உள்ளே விட வேண்டாம், நடுவிலிருக்கும் மெல்லிய நாக்கு உடைந்தால் அவ்வளவுதான்.

கேமரா இரண்டிலும் ஆவணம் ஸ்கேன் செய்யப் போதும், அதற்கு மேல் வேண்டாம். ஸ்பீக்கர் சின்னதில் இரண்டு முனையிலும் இருப்பதால் கை மூடினாலும் ஒன்று கேட்கும். கேம் விளையாடுகிறவர்களுக்கு இந்த விலையில் எதையும் நான் சொல்ல மாட்டேன்.

செக்யூரிட்டி பேட்ச், அதாவது பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட், பெரியதற்கு இரண்டு வருடத்தோடு நின்றுவிட்டது. சின்னதற்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அதனால் பெரியதில் இருந்த பேங்க் ஆப்பையும் முக்கியமான மெயில் கணக்கையும் எடுத்துவிட்டேன். இப்போது அதில் ஒன்பது ஆப்கள்தான், படிக்கவும் பார்க்கவும் மட்டும். ஸ்டாண்டில் நிற்கிறது, ஆப் அப்டேட்டை இரவில்தான் விடுகிறேன். இந்த வேலைக்கு அது இன்னும் ஒரு வருடம் தாங்கும் என்று தோன்றுகிறது.

அடுத்து வாங்குவது மகனுக்கு. 10 அல்லது 11 இன்ச், 128 ஜிபி யுஎஃப்எஸ், எல்1, குறைந்தது நான்கு வருட பேட்ச் உறுதி. இந்த நாலும் ஒன்றாக இருப்பது கிடைக்கும்வரை காத்திருக்கலாம் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். ரேம் எவ்வளவு என்று கேட்டான். உண்மையான 6 இருந்தால் போதும் என்றேன். அம்மாவிடம் புதிது வேண்டுமா என்று கேட்டதற்கு, "இதுக்கு என்ன குறைச்சல்?" என்று சின்னதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.