அம்பாசிடரைக் கொடுப்பதா, அதை விற்ற பணத்தைக் கொடுப்பதா?

அப்பா ஓட்டிய 1999 மாடல் அம்பாசிடர், 1.8 லிட்டர் பெட்ரோல் வண்டி, அம்பாசமுத்திரம் வீட்டுத் தொழுவத்தில் இரண்டு ஆண்டுகளாக நிற்கிறது. மாடு கட்டிய இடத்தில் கார். ஓட்ட ஆளில்லை, விற்க மனமில்லை. "ஏதாவது ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிடு, புண்ணியமாகப் போகும்" என்றாள் அம்மா. டாலஸில் இருக்கும் மருமகன், "ரசீது வாங்க மறந்துவிடாதீர்கள் மாமா, வரி கழியும்" என்றான்.

அங்கே கழியும். அமெரிக்காவில் பழைய காரைத் தொண்டு நிறுவனம் எடுத்துக்கொண்டுபோய்ப் பெரும்பாலும் ஏலத்தில் விற்றுவிடும். ஒரு காலத்தில் கொடுத்தவர் சொன்னதே மதிப்பு. 2005 முதல், 500 டாலருக்கு மேல் போனால் பொதுவாக விற்ற தொகை வரைதான் கழிவு. இங்கே நன்கொடைக்கு 80ஜி என்று நாம் அறிந்த வருமான வரிச் சலுகை பணத்துக்கு மட்டுமே. வண்டி, அரிசி, வேட்டி எதைக் கொடுத்தாலும் கழிவு கிடையாது. பணத்திலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் செல்லாது. புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு அதுவும் இல்லை. ஆக வரிக் கணக்கு மட்டும் பார்த்தால், விற்றுவிட்டு வங்கி வழியாகப் பணம் அனுப்புவதே சரி.

ஆனால் அம்மா வரிக்காகச் சொல்லவில்லையே. பாளையங்கோட்டைப் பக்கம் ஓர் இல்லத்துக்குப் போன் செய்தேன். பொறுப்பாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வண்டி தருகிறீர்கள், சந்தோஷம் அண்ணாச்சி. டிரைவருக்கு எங்கே போவது?" என்றார்.

அந்த ஒரு கேள்வியில்தான் நான் பேனாவையும் பேப்பரையும் எடுத்தேன்.

வண்டியாகவே கொடுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. 108 அவசரத்துக்கு வரும். வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்கு ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி போய்வர அதைக் கூப்பிட முடியாது. அம்பாசிடரின் பின் சீட்டு உயரமானது, அகலமானது. முழங்கால் மடங்காத பெரியவர் இன்றைய சிறிய கார்களில் குனிந்து நுழைவதற்குள் படும் பாடு இதில் இல்லை. ஒருவரைப் படுக்க வைத்தும் கொண்டுபோகலாம். (சக்கர நாற்காலியோடு ஏற்றும் வண்டி தேவைப்படும் இடங்களுக்கு இது உதவாது.)

மறுபக்கம் செலவு. 1,500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும், 2022-இல் நிர்ணயித்த கட்டணப்படி, ஆண்டுக்கு ரூ.7,897, ஜி.எஸ்.டி.யோடு ரூ.9,300-ஐத் தாண்டும். எங்கள் வண்டி 1,817 சி.சி. 1,500-க்குள் இருந்திருந்தால் ரூ.3,416-தான். ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 20 வயது தாண்டிய காருக்கு அந்தக் கட்டணம் 2025-இல் ரூ.10,000 ஆகிவிட்டது. பம்பில் இப்போது வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஓஸ்களுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. தொழிற்சாலை 2014-இலேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது. எங்கள் மெக்கானிக்குக்கு எழுபது வயது. வண்டியோடு அவரையும் தானமாகக் கொடுக்க முடியாது.

அந்த இல்லத்திலிருந்து ஹைகிரவுண்டுக்கு ஆட்டோவில் போய், காத்திருந்து திரும்ப 400 ரூபாய் என்றார் பொறுப்பாளர். காப்பீட்டுப் பணத்தில் மட்டும் 23 தடவை போய்வரலாம். அம்பாசிடர் தொழுவத்தைவிட்டு ஒரு அடி நகர்வதற்கு முன்னால் ஆகும் செலவு இது.

இன்னொன்றும் உண்டு. நண்பர் ஒருவர் தன் பழைய காரை ஓர் அமைப்புக்குக் கொடுத்தார். சாவியைக் கொடுத்தார், மாலை போட்டார்கள், பெயர் மட்டும் மாறவில்லை. எட்டு மாதம் கழித்து விபத்து வழக்கின் நோட்டீஸ் நண்பர் வீட்டுக்கு வந்தது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. தானம் கொடுத்தேன் என்பது அங்கே பதிலாகாது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தாகி, அறக்கட்டளையின் பெயரில் ஆர்.சி. வந்த பிறகுதான் மாலையெல்லாம்.

விற்பதற்கு வருகிறேன். உள்ளூர்த் தரகர் 45,000 என்றார், அதுவும் பானெட்டைத் திறக்காமலே. காயலான் கடையில் எடைக்கு எடை, முப்பதாயிரத்தை நெருங்கவில்லை. அங்கே போட்டால் பதிவை ரத்து செய்யாமல் விடவே கூடாது. நம் நம்பர் பிளேட் வேறு வண்டியில் ஊர் சுற்றும். அரசு அங்கீகாரம் பெற்ற அழிப்பு மையத்தில் கிடைக்கும் சான்றிதழுக்குப் புதுக் கார் வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதி இடம் கொடுக்கிறது. ஆனால் அந்த லாபம் புதுக் கார் வாங்குகிறவருக்கு. இல்லத்துக்கு அதில் என்ன வரப்போகிறது? தொழிற்பயிற்சி நிலையத்துக்குக் கொடுக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். இன்றைய பிள்ளைகள் பழகவேண்டியது சென்சாரும் பேட்டரியும். இதை அவிழ்த்து மாட்டத் தெரிந்து அவர்கள் எங்கே வேலைக்குப் போவது?

கடைசியில் செங்கோட்டைக்கு அப்பால், கேரளத்திலிருந்து ஒருவர் வந்தார். பழைய அம்பாசிடர்களைச் சேர்ப்பவர். வண்டிக்கு அடியில் படுத்துத் துருவைச் சுரண்டிப் பார்த்தார், மேலப்பாளையம் சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல. 85,000 தருகிறேன் என்றார். ஆட்டோக் கணக்கில் இருநூறு தடவைக்கு மேல் வருகிறது.

டிரைவரும், பெட்ரோலுக்குத் தனி வரவும், வண்டி நிறுத்த நிழலும் ஏற்கெனவே உள்ள இல்லமாக இருந்தால் நான் காரையே கொடுத்திருப்பேன். அப்படி ஓர் இடம் தேடி ஒரு மாதம் அலைந்தேன், அமையவில்லை. இல்லத்தின் கணக்கு எண்ணை வாங்கிவிட்டேன். வெளிமாநிலம் என்பதால் தடையின்மைச் சான்றுக்குப் படிவம் 28-உம் சேர்ந்து, மூன்று படிவங்களும் மேசைமேல் இருக்கின்றன. வருகிற ஞாயிறு கேரளத்துக்காரர் வருகிறார்.

அம்மா இரண்டு நாள் பேசவில்லை. நேற்று, ஒரு நல்ல கறவை மாடு இப்போது என்ன விலை என்று பக்கத்து வீட்டில் விசாரித்துக்கொண்டிருந்தாள்.