வாலாஜாவும் வேலூர்க் கோட்டையும்: இரண்டு நாவல்கள்

வட ஆர்க்காட்டுக்காரரான மு. வரதராசன் எழுதி, 1961ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘அகல் விளக்கு’ நாவலை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. பாலாற்றங்கரையையும் வேப்பமரச் சாலைகளையும் கொண்ட வாலாஜாவில் தொடங்கும் இக்கதையில், அழகும் அறிவும் வாய்த்த சந்திரன் படிப்படியாகச் சீரழிவதை, நண்பன் வேலய்யன் குரலை உயர்த்தாமல் சொல்லிச் செல்கிறான். ஆங்காங்கே ஆசிரியர் வகுப்பெடுக்கத் தொடங்கிவிடுகிறார் என்பது உண்மைதான். ஆனால் சந்திரன் மீதுள்ள பரிவு அதையும் பொறுத்துக்கொள்ள வைக்கிறது.

அண்மையில் படித்த மற்றொரு நாவல், 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் மூண்ட சிப்பாய்ப் புரட்சியைக் களமாகக் கொண்டிருந்தும், பெரும் ஏமாற்றத்தையே தந்தது. சிப்பாய்கள் மீது திணிக்கப்பட்ட புதிய தலைப்பாகை, நெற்றிக்குறிக்கும் கடுக்கனுக்கும் விதிக்கப்பட்ட தடை, கோட்டைக்குள் காவலில் இருந்த திப்புவின் பிள்ளைகள் என நாடகத்துக்குக் குறைவில்லாத வரலாற்றை இரண்டே பக்கங்களில் தாண்டிவிட்டு, அரண்மனைக் காதலுக்கு அத்தியாயம் அத்தியாயமாக இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆர்க்காட்டிலிருந்து ஆங்கிலேயப் படை அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்து புரட்சியை அடக்கிய அந்தக் காலைப்பொழுதும் ஒரே பத்தியில் முடிந்துவிடுகிறது. அகழியைக்கூட ஆசிரியர் நேரில் பார்த்ததாகத் தெரியவில்லை. நூலகத்தில் கிடைத்தால் புரட்டிப் பார்க்கலாம். விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.